சைபர் போட்டுப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடு

தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்த காகிதத்தையும் கசக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. நாளை மறுநாள் காலை திண்டிவனத்தில் உன் மனைவிக்குப் பரீட்சை. அவள் போகமாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் நீ, கொஞ்சம் நானும். இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். "சைட்ல இருக்கேன்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகமாக ஓட்டிக் கேட்பாய், பாதியில் யாராவது கூப்பிட்டால் மீதியைக் கேட்கவே மாட்டாய். அதனால்தான் உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். அவள் பெயரை எங்கேயும் எழுதப்போவதில்லை. மஸ்கட் ரூமில் உன்னோடு இருப்பவர்கள் எட்டிப் பார்த்துப் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் ஊரில் வீடு இருக்கிறது.

வானம் வேறு சரியில்லை. கடல் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, காற்று திசை மாறி மாறி அடிக்கிறது. நாலு வரி எழுதுவேன், வெளியே போய் அண்ணாந்து பார்ப்பேன், திரும்பி வருவேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கு வயசு காரணமில்லை.

முதலில் என் சுயநலத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ கண்டுபிடித்ததாகச் சொல்லக்கூடாது. மெயின் ரோட்டில் நம் கடைக்கட்டடம் காலியாகக் கிடக்கிறது. அதில் ஒரு மெடிக்கல் ஷாப் வைக்க வேண்டும் என்பது என் வெகுநாள் கணக்கு. உப்பு வெயிலை நம்பி நடக்கிற தொழில், மருந்து மழையிலும் விற்கும். ஆனால் பார்மசி படித்த ஆள் ஒருத்தர் கடையில் இருக்க வேண்டும். வெளியாளை வைத்தால் அவன் கிளம்பிப்போன அன்றைக்குக் கடையும் மூடிக்கொள்ளும். இதை ஒருநாள் சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த உன் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, நான் வேணா டி.பார்ம் படிக்கட்டுமா? ஆனா ஒண்ணு இருக்குது. பிளஸ் ஒன்ல கணக்கு மட்டும் எனக்குப் போயிடுச்சு. அதை எழுதி பாஸ் பண்ணாதான் எங்கயும் சேத்துப்பாங்க."

உனக்கும் இது அன்றைக்குப் போனில் சொன்னபோதுதான் தெரியும். நீ கோபித்துக்கொண்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. தன் வாயால் தன் குறையைச் சொல்கிற ஆளை வியாபாரத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. தனித்தேர்வராகப் பணம் கட்டினேன், புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். உன் அம்மா காலை வேலையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் படிக்க ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் மெதுவாக நகர்ந்தது. ஒரு பாடத்தில் மட்டும் நின்றுவிட்டாள். அசமன்பாடு என்று பெயராம். சமன்பாட்டில் இரண்டு பக்கமும் சமம். இதில் ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் சின்னது, நடுவில் காக்கா மூக்கு மாதிரி ஒரு குறி. அடைப்பை எடுக்கணும், எக்ஸை ஒரு பக்கம் தள்ளணும், எண்ணை இன்னொரு பக்கம் தள்ளணும், வகுக்கணும் என்று அடுக்கடுக்காகப் போகிறது.

அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சைக்கிளில் மூட்டை கட்டித் தெருத் தெருவாக உப்பு விற்றதிலிருந்து இன்றைக்கு லாரியில் ஏற்றுகிற வரைக்கும் சமம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இங்கே எடைமேடையில் ஒரு எடை, ஈரம் சொட்டிப் போய் இறங்குகிற இடத்தில் வேறு எடை. "இதுக்குக் குறையாம குடுக்கறேன்", "இதுக்கு மேல ஏத்தாதே", இதுதான் என் பேச்சு முழுக்க. இதைப் புத்தகத்தில் போட்டு எக்ஸ் என்று எழுதியதும் ஒரு பெண் ஏன் இப்படித் திணறுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் எழுதிக் காட்டச் சொன்னால் எனக்கும் கை வராது. அதனால் நான்தான் சொன்னேன், "உன் புருஷன் இன்ஜினியர்தானே, அவன்கிட்டயே கேளும்மா, அவனைவிட யாரு நல்லா சொல்லித் தரப்போறான்?"

அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. எனக்கு முழுசாக இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு வீடியோ கால் போட்டு, தண்ணிச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து அவள் கணக்கைப் படித்தாள். ஏழு மைனஸ் இரண்டு, பக்கத்தில் அடைப்புக்குள் எக்ஸ் பிளஸ் மூன்று, இது பதினொன்றைவிடச் சின்னது. தட்டுத்தடுமாறிப் போட்டும் வைத்திருந்தாள். எக்ஸ், மைனஸ் ஐந்தைவிடப் பெரியது என்று வந்திருந்தது. சரியா என்று மட்டும்தான் கேட்டாள்.

"பெருசா? எப்படிப் பெருசாச்சு? மேல சின்னதுன்னு இருக்குது, கீழ வந்ததும் பெருசா? குறியை உன் இஷ்டத்துக்குத் திருப்புவியா?"

"இல்லங்க, கடைசியில மைனஸ் ரெண்டால வகுக்கறோம் இல்ல..."

"எனக்கே சொல்லித் தர்றியா? நான் இன்ஜினியர்டி. இது எட்டாங்கிளாஸ் கணக்கு. இதே வரலன்னா உனக்கு எதுதான் வரும்? விட்டுடு. மெடிக்கல் ஷாப் இல்லன்னு இங்க யாரு அழுதா?"

உன் பின்னால் யாரோ சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "அவன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். அவள் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, குறியை நீ சொன்ன பக்கமே மாற்றி எழுதினாள்.

மழை ஒரு தூறல் போட்டது. தார்ப்பாய் இழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் நின்றுவிட்டது. இப்படித்தான் காலையிலிருந்து விளையாடுகிறது.

அதற்குப் பிறகு அவள் உன்னிடம் கணக்குக் கேட்கவில்லை. நீ கவனித்தாயா? "சாப்ட்டீங்களா, வெயில் எப்படி இருக்குது" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வாள். நான் கவனித்தேன். புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். உன் அம்மா, "புருஷன் பொண்டாட்டி பேச்சுல நாம எதுக்குங்க மூக்கை நுழைக்கணும்" என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டவன் எவனும் இந்தத் தொழிலில் நின்றதில்லை. எனக்கு லாரி தெரியாது, லாரிக்காரனைக் கேட்டேன். ஜிஎஸ்டி தெரியாது, ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் செருப்புத் தேய நின்றேன். கேட்ட இடத்தில் ஒருத்தன் சிரித்தால் அடுத்த இடத்துக்குப் போய்க் கேட்டேன். அதனால் கூனிமேட்டில் கருவாட்டுக்கு உப்பு வாங்குகிறவர்களிடம் விசாரித்து, கணக்கு டியூஷன் எடுக்கிற ஒரு டீச்சரம்மாவைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயராகி வீட்டோடு இருப்பவர். உன் மனைவியைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

அங்கே எல்லாம் ஸ்கூல் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். நடுவில் இவள் தாலியும் மெட்டியுமாகக் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "புது மிஸ்ஸாடி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இவள் திரும்பி, "இல்ல, நானும் பெயில்தான்" என்றாள். அந்தப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது, தம்பி. அடுத்த நாளே இவளுக்குப் பக்கத்தில் உட்காரச் சண்டை போட்டார்கள்.

நான் வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்திருப்பேன். டீச்சரம்மா "உள்ள வாங்கண்ணே" என்பார், போகமாட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டீச்சரம்மா குரல் உயர்ந்தது. "யா அல்லா! ஏம்மா, அடைப்பை சரியா எடுக்கற. மைனஸை உள்ள பெருக்கறப்ப பாதிப் பிள்ளைங்க தப்பு பண்ணும், நீ அதையும் சரியாப் பண்ற. எக்ஸைச் சேக்கற, எண்ணைத் தள்ளற, எல்லாம் சரி. கடைசிப் படியில மட்டும் எல்லாக் கணக்குலயும் வழுக்கறியே, எப்படி? மைனஸால வகுத்தா குறி திரும்பணும். ஒண்ணுல கூட நீ திருப்பல!"

இவள் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி, என்னை நம்பாதே. சோதிச்சுப் பாரு. உன் விடை எக்ஸ் மைனஸ் அஞ்சைவிடச் சின்னதுன்னு சொல்லுது. அப்ப சைபர் இதுல வருமா?"

"வராது டீச்சர். சைபர் மைனஸ் அஞ்சைவிடப் பெருசு."

"இப்ப முதல் வரியில எக்ஸ் இருக்கற இடத்துல சைபரைப் போடு. என்ன வருது?"

"ஏழு மைனஸ் ஆறு. ஒண்ணு."

"ஒண்ணு பதினொன்னைவிடச் சின்னதா?"

"சின்னதுதான்."

"அப்ப கணக்கு சைபரை வான்னு கூப்பிடுது, உன் விடை வராதேன்னு கதவைச் சாத்துது. யாரு தப்பு?"

அது அதே கணக்கு, தம்பி. ஏழு மைனஸ் இரண்டு, அடைப்புக்குள் எக்ஸ் பிளஸ் மூன்று. என் காது நிமிர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது ஈசிஆர் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"ஏம்மா, நீ முதல்ல போட்டது எது? அன்னிக்கு சொம்புல போனை வெச்சிக்கிட்டு அவன்கிட்ட படிச்சியே?"

"டீச்சர் சொன்னதுதான் மாமா."

"அப்புறம் எதுக்கு மாத்தின? அன்னிலேர்ந்து ஒண்ணுல கூடத் திருப்பலையாமே?"

"அவரு சொன்னாருல்ல. நீங்களும் சரியாத்தான் இருக்கும்னீங்க. அப்ப நான்தான் ஆரம்பத்துலேர்ந்து தப்பாப் படிச்சிருக்கேன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் எப்படி உப்பு வாங்குவேன் என்று உனக்குத் தெரியும். குவியலின் மேல் சரக்கு வெயிலில் காய்ந்து கண்ணாடி மாதிரிதான் இருக்கும், யார் குவியலாக இருந்தாலும். முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து, கசக்கி, நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் இதுவரை விலை பேசியதில்லை. அண்ணன் தம்பி குவியலாக இருந்தாலும் கையை விடுவேன். அதற்காக எத்தனை பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன், உன் வாயிலிருந்து வந்ததை மட்டும் மேல் சரக்கைப் பார்த்தே வாங்கிவிட்டேன். வாங்கி, அந்தப் பெண் தலையிலும் ஏற்றிவிட்டேன். ஒரு சைபர் போட்டுப் பார்த்திருந்தால் போதும். நீயும் போட்டுப் பார்க்கவில்லை, நானும் போட்டுப் பார்க்கவில்லை. சத்தம் யாருடையது பெரிதோ அதைச் சரியென்று வைத்துக்கொண்டோம்.

ஆனால் குறி ஏன் திரும்புகிறது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சோதித்தால் தெரிகிறது, சரி. ஏன்? கழிவெளி ஏரிப் பக்கம் உப்புப் பாத்தியெல்லாம் வெள்ளையாகத் தெரிய வண்டி ஓட்டிக்கொண்டே வந்தேன். திடீரென்று அந்தக் கோடை மழை ஞாபகம் வந்தது. நீ அப்போது காலேஜில் இருந்தாய். அதுவரைக்கும் பெரிய குவியல் வைத்திருப்பவன் பெரிய ஆள், சின்னக் குவியல்காரன் அவனுக்கு வணக்கம் போடுவான். ஒரே மழை. யாரும் மூடவில்லை. விடிந்து பார்த்தால், யாரிடம் அதிகம் இருந்ததோ அவனுக்குத்தான் அதிக நஷ்டம், அவன்தான் எல்லோருக்கும் கீழே கிடந்தான். சின்னக் குவியல்காரன் தலையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். நான் பெரிய குவியல்காரன். இதை அவளிடம் சொன்னேன். பின்னால் இருந்தபடியே என் தோளைத் தட்டினாள்.

"மாமா, அப்ப மழைதான் மைனஸ்!"

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே பாடத்தின் பின்பக்கக் கணக்கையெல்லாம் போட்டு முடித்தாள். ஒவ்வொன்றிலும் சைபரோ ஒன்றோ போட்டுச் சோதித்து, "கை விட்டுப் பாத்துட்டேன் மாமா" என்று காட்டினாள். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

"அவன் போட்டதுதான் தப்புன்னு போன்ல சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம் மாமா, கோச்சுப்பாரு. நான் பாஸாயிட்டா அதுவே போதும்" என்றாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். வியாபாரி தலையாட்டுவதை அவள் நம்பியிருக்கக்கூடாது.

விஷயம் அதோடு நல்லபடியாகப் போயிருக்கும். உன் சிநேகிதன் எவனோ கோட்டக்குப்பம் போகும்போது எங்களைப் பார்த்துவிட்டு உனக்குச் செய்தி போட்டான். நீ உடனே போன் போட்டாய், என்னிடமல்ல, அவளிடம். "மாமனார் பைக்ல உக்காந்து ஊர் சுத்தறியாமே, நாலு பேரு என்ன பேசுவாங்க, அங்க போய் சின்னப் பசங்களோட உக்காந்தியா, என் மானத்தை வாங்காதே." இவ்வளவும் அவள் சொல்லித் தெரிந்ததல்ல. போன் ஸ்பீக்கரில் இருந்தது, உன் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "நம்ம புள்ளையாங்க இது?" என்றாள். மூக்கை நுழைக்கக்கூடாது என்று சொன்ன அதே ஆள்.

டேய், உனக்கு யார் உதவினார்கள் என்று கொஞ்சம் யோசி. பத்தாவதில் உன்னைப் பாண்டிச்சேரி டியூஷனுக்கு நம் லோடு வண்டியில் மூட்டை மேல் உட்கார வைத்து அனுப்பினேன். சட்டையெல்லாம் உப்புப் பூத்துப்போய் வகுப்பில் உட்கார்ந்தாய். யார் மானம் போனது? இன்ஜினியரிங்கில் கணக்குப் பேப்பர் நின்றபோது வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டாய். இது உனக்கு வராது, விட்டுடு என்று இந்த வீட்டில் ஒரு நாக்காவது சொன்னதா? திரும்பத் திரும்பப் பணம் கட்டினோம், நீ திரும்பத் திரும்ப எழுதினாய், ஒருநாள் தாண்டினாய். அப்படித் தாண்டினவன்தான் மறந்துபோன ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாய். மறந்தது தப்பில்லை. எத்தனையோ வருஷம் ஆயிற்று, கட்டடம் கட்டுகிறவனுக்கு எக்ஸ் பெரிதா சின்னதா என்று யார் கேட்கப்போகிறார்கள். "எனக்கு மறந்துபோச்சு, இரு பாத்துச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் உன் படிப்பிலிருந்து ஒரு எழுத்துக்கூட உதிர்ந்திருக்காது. அவளும் இந்தப் பாடத்தில் இத்தனை நாள் தலைகீழாக நடந்திருக்கமாட்டாள்.

நேற்று ஹால் டிக்கெட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "இது வேணாம் மாமா. கணக்கு வருது. ஆனா ஹால்ல உக்காந்ததும் கடைசிப் படியில அவரு குரல்தான் கேக்கும். குறியைத் திருப்பறதா வேணாமான்னு கை நின்னுடும். எனக்குத் தெரியும்." நான் என்னென்னவோ சொன்னேன். டீச்சரம்மா போனில் சொன்னார். நாங்கள் சொல்வதற்கு அவள் தலையாட்டுகிறாள், என்னைப் போலவே. அவளுக்குள் ஓடுவது எங்கள் குரல் இல்லை. அதை எடுக்க எங்களால் முடியாது.

நீ என் ஒரே பிள்ளை, உன்னை ஊரறியத் திட்டி எழுத எனக்கு ஆசையில்லை. கல்யாணம் முடிந்து மாலை வாடுவதற்குள் விமானம் ஏறிவிட்டாய். அவளோடு நீ வாழ்ந்ததைவிட நாங்கள் வாழ்ந்தது அதிகம். அதனால் சொல்கிறேன். அவள் எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. எதிர்த்துப் பேசாத ஆளிடம் நாம் சொல்வதெல்லாம் சரி போலவே தெரியும். எனக்கும் உன் அம்மாவிடம் அப்படித்தான் வெகுகாலம் தெரிந்தது. அது பெரிய வசதி, அவ்வளவு நஷ்டமும் கூட.

காற்று அடங்கிவிட்டது, ஆனால் கறுப்பு போகவில்லை. லாரிக்காரன் வெளியே ஹாரன் அடிக்கிறான், ஏற்றலாமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிப்போக நான் தயாராக நிற்பேன். அவள் படியிறங்கி வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

எனக்குப் பதில் எழுதாதே, சமாதானம் சொல்லாதே. கையில் ஒரு காகிதத்தை எடு. ஏழு எழுது, மைனஸ் இரண்டு, அடைப்புக்குள் எக்ஸ் பிளஸ் மூன்று, சின்னது, பதினொன்று. நீ அன்றைக்குச் சொன்ன மாதிரியே குறியைத் திருப்பாமல் போட்டு முடி. பிறகு மேல் வரியில் சைபர் போட்டுப் பார். நான் சொன்னேன் என்று நம்பாதே, நீயே போட்டுப் பார். பார்த்துவிட்டு, உன் ரூமில் அன்றைக்குச் சிரித்தவர்கள் இருக்கும்போதே அவளுக்கு வீடியோ கால் போடு. அவள் போனைச் சொம்பில்தான் சாய்த்து வைப்பாள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். கொட்டகைக்கு வந்துவிடுவேன்.

அப்பா